லேப்டாப்பை முதலில் வாங்காதீர்கள்: பொழுதுபோக்குப் புகைப்படக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மயிலாப்பூர் மாடவீதி, காசிமேடு, பள்ளிக்கரணை என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றும் சின்னக் கூட்டம் எங்களுடையது. புதிதாகச் சேர்பவர்கள் ஐந்தாறு மாதம் கழித்து ஒரு கேள்வியோடு வருவார்கள்: "அண்ணா, எடிட்டிங்குக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?" பாதிப் பேர் வாங்கிவிட்டுத்தான் வருவார்கள். அவர்கள் கேள்வி வேறு: "இதில் ஏன் படம் இப்படித் தெரிகிறது?"

நான் பார்த்தவரை தவறு பெரும்பாலும் மாடலில் இல்லை, வரிசையில்தான். லேப்டாப்பை வாங்குகிறார்கள், கடையில் ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டுத் தருகிறார்கள், ஒரு மாதம் கழித்துத்தான் திரை சரியில்லை என்பது தெரிகிறது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் உங்கள் படங்கள், அப்புறம் மென்பொருள், அதற்குப் பிறகு திரை, கடைசியில் மற்றவை.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: உங்கள் கேமராவில் எடுத்த ஐம்பது ரா ஃபைல்கள் (கேமரா பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல்), ஒரு பென் டிரைவ், இரவல் வாங்கியதாவது ஒரு கணினி, மூன்று வாரப் பொறுமை.

1. உங்கள் படங்களைக் கணக்குப் போடுங்கள்

கடைசி மூன்று முறை வெளியே போனபோது எத்தனை படம் எடுத்தீர்கள், ஒரு ஃபைல் எத்தனை எம்பி என்று பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில், சுருக்கிய ரா ஃபைல் ஒன்று 25 முதல் 30 எம்பி வரை வரும். சுருக்காத ரா என்றால் 45 எம்பியைத் தாண்டும்.

என் கணக்கைச் சொல்கிறேன். ஒரு நடைக்கு 600 படம், ஒன்று 28 எம்பி. கிட்டத்தட்ட 17 ஜிபி. மாதம் இரண்டு முறை போனால் வருடத்துக்கு 400 ஜிபி. எடுத்ததையெல்லாம் வைத்துக்கொண்டால் 512 ஜிபி எஸ்எஸ்டி (லேப்டாப்பின் உள்சேமிப்பு) ஒரே வருடத்தில் மூச்சுமுட்டும். ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் 80 ஜிபிதான்.

எதை எடுக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். தெருவும் கோயிலும் எடுப்பவருக்கு ஒரு தேவை. பறவை எடுப்பவருக்கு வேறு: விடியலில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200, 6400 என்று ஏற்றி எடுப்பார், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும், அதை நீக்கக் கணினிக்குத் தனி வலு வேண்டும். மென்பொருள், கிராஃபிக்ஸ் கார்டு (படக் கணக்குகளுக்கான தனிச் சிப்) இரண்டையும் இந்த ஒரு வரிதான் முடிவு செய்யும்.

2. ரா எடுக்கப் போகிறீர்களா என்று தீர்மானியுங்கள்

கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் ஃபைலில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384. கோபுர நிழலில் நிற்கும் முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்போது இந்த வித்தியாசம் தெரியும்: ஜேபெக்கில் தோல் திட்டுத்திட்டாக உடையும், ராவில் நிதானமாக மேலேறும்.

எடிட் செய்யப் போவதே இல்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றால் ஜேபெக் எடுங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. அப்படியானால் வீட்டில் இருக்கும் கணினியே போதும், லேப்டாப் பணத்தை லென்ஸில் போடுங்கள். மீதி வழிகாட்டி ரா எடுப்பவர்களுக்கு.

3. மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

லேப்டாப்புக்கு முன்னால் மென்பொருளா என்று பலர் கேட்கிறார்கள். ஆமாம். எந்த மென்பொருள், அது எவ்வளவு ரேம் (வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) கேட்கும், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓடுமா என்பது தெரியாமல் லேப்டாப்பை எப்படி அளப்பது? மாதச் சந்தா கட்டப் போகிறீர்களா என்பதும் மொத்தச் செலவை மாற்றும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். ரா ஃபைலைத் திறந்து வெளிச்சம், வண்ணம் திருத்துவது ஒரு வேலை. மின்கம்பியை அழிப்பது, இரண்டு படத்தை ஒட்டுவது வேறு வேலை. முதல் வேலைக்கு லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி போன்றவை. இரண்டாவதற்கு ஃபோட்டோஷாப், ஜிம்ப், அஃபினிட்டி. புதியவர்கள் நேராக ஃபோட்டோஷாப்பில் போய் விழுந்து, லேயரில் (படத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகள்) சிக்கிக்கொண்டு, "எடிட்டிங் எனக்கு வராது" என்று விட்டுவிடுகிறார்கள். தொண்ணூறு சதவீதப் படங்களுக்கு முதல் வகையே போதும்.

*லைட்ரூம் கிளாசிக்.* கற்றுக்கொள்ள எளிது. தமிழிலேயே யூடியூபில் பாடங்கள் கொட்டிக்கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கித் தேடுவதில் இதுதான் கெட்டிக்காரன். ஆனால் சந்தாதான், மொத்தமாக வாங்க முடியாது. சந்தா நின்றால் படங்கள் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் பூட்டிக்கொள்ளும்.

'லைட்ரூம்' என்ற பெயரிலேயே இன்னொன்று இருக்கிறது, அது படங்களை இணையச் சேமிப்பில் ஏற்றி வைப்பது. 17 ஜிபியை வீட்டு வைஃபையில் ஏற்றிப் பாருங்கள், விடிந்துவிடும். கணினியில் வைத்து வேலை செய்பவருக்கு 'கிளாசிக்' என்ற வார்த்தை முக்கியம்.

*டார்க்டேபிள்.* முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வலுவில் லைட்ரூமுக்குச் சளைத்ததில்லை. ஆனால் திறந்ததும் எழுபது எண்பது கருவிகள் வரிசையாக நின்று பயமுறுத்தும். எல்லாவற்றையும் கற்கத் தேவையில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று பின்னால் சொல்கிறேன்.

*ராதெரபி.* இதுவும் இலவசம். நுணுக்கமான விவரங்களை எடுத்துக் கொடுப்பதில் அருமை. படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்துவதில் டார்க்டேபிள் அளவுக்கு வசதி இல்லை.

*கேமரா நிறுவனத்தின் சொந்த மென்பொருள்.* இதைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கேனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். இலவசம். கேமரா திரையில் பார்த்த வண்ணம் அப்படியே வரும். கொஞ்சம் மந்தமாக ஓடும், ஆனால் ரா என்றால் என்ன என்று புரிந்துகொள்ள நல்ல முதல் வகுப்பு. ஃபூஜி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான வசதி: எக்ஸ் ரா ஸ்டூடியோ, யூஎஸ்பி கம்பியில் இணைத்த கேமராவின் சிப்பையே வைத்து ராவை மாற்றித் தரும். பழைய லேப்டாப்பிலும் வேகமாக நடக்கும்.

இரண்டாவது வேலைக்கு ஜிம்ப் இலவசம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு பழையதைவிட வெகுவாக மேம்பட்டது. ஆனால் ரா ஃபைலைத் தானாகத் திறக்காது, டார்க்டேபிளோ ராதெரபியோ பக்கத்தில் இருக்க வேண்டும். அஃபினிட்டியை 2024-ல் கேன்வா நிறுவனம் வாங்கியது. 2025 அக்டோபரிலிருந்து அதுவும் இலவசம், கேன்வா கணக்கு ஒன்று தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

'கிராக்' போட்ட, அதாவது பூட்டை உடைத்த திருட்டு மென்பொருள் பற்றி ஒரு வார்த்தை. கடையில் சும்மா போட்டுத் தருவார்கள், அதற்காக வைரஸ் தடுப்பை அணைத்தும் விடுவார்கள். அதைவிட உடனடியான தொல்லை ஒன்று: அது புதுப்பித்துக்கொள்ளாது. நீங்கள் புது கேமரா வாங்கும் நாளில் அதன் ரா ஃபைல் திறக்காது. இலவசமாக இத்தனை நல்ல மென்பொருள் இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு?

என் பரிந்துரை: வருடாவருடம் சந்தா கட்டுவது கணக்கில் உறுத்தாது என்றால் லைட்ரூம் கிளாசிக். உறுத்தும் என்றால் டார்க்டேபிள். 'முதலில் லைட்ரூம் ஒரு வருடம், அப்புறம் மாறிக்கொள்ளலாம்' என்ற திட்டம் மட்டும் வேண்டாம். ஒன்றில் செய்த திருத்தங்கள் இன்னொன்றில் பெரும்பாலும் அப்படியே வராது. ரா ஃபைல் உங்களோடு வரும், உழைப்பு வராது.

4. இரவல் கணினியில் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நண்பரின் லேப்டாப், அலுவலகம் அனுமதித்தால் அங்குள்ளது, வீட்டில் தூசி படிந்த மேசைக் கணினி, எதுவானாலும் சரி. தேர்ந்தெடுத்த மென்பொருளைப் போட்டு அந்த ஐம்பது ரா ஃபைல்களையும் திறந்து பாருங்கள்.

முதலில் உங்கள் கேமராவின் ஃபைல் திறக்கிறதா? கேமரா புதிது, மென்பொருள் பழைய பதிப்பு என்றால் திறக்காது. அப்படி நடந்தால் புதிய பதிப்பைப் போடுங்கள். அப்படியும் முடியாவிட்டால் லைட்ரூமைத் தரும் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில், டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றித் திறக்கலாம்.

அடுத்து, எங்கே மெதுவாகிறது என்று கவனியுங்கள். ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போதா, ஸ்லைடரை இழுக்கும்போதா, ஏற்றுமதியிலா, இரைச்சல் நீக்கும்போதா? டாஸ்க் மேனேஜரை (கணினியில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸ் செயலி) திறந்து வைத்தால், அந்த நேரத்தில் நிரம்பி வழிவது ரேமா, புராசசரா, டிஸ்க்கா என்று தெரியும். லேப்டாப் வாங்கும்போது எதில் பணம் போட வேண்டும் என்பதை இந்தக் குறிப்பைவிட நன்றாக எந்த யூடியூப் விமர்சனமும் சொல்லாது.

லைட்ரூமுக்கு ஏழு நாள்தான் இலவசச் சோதனை. ஐம்பது படங்களையும் நகலெடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, வேலை இல்லாத வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

5. பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் 70,000 ரூபாய் இருந்தால், 70,000 ரூபாய் லேப்டாப் வாங்கக் கூடாது. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று, கார்டு ரீடர் ஒன்று, சந்தா என்றால் முதல் வருடத் தொகை. இவற்றை எடுத்து வைத்துவிட்டு மிச்சம்தான் லேப்டாப்புக்கு. முழுப் பணத்தையும் லேப்டாப்பில் கொட்டியவர்கள் ஒரு வருடம் பேக்கப் இல்லாமல் ஓட்டுவார்கள். அந்த ஒரு வருடத்தில்தான் ஏதாவது நடக்கும்.

6. திரையை முதலில் பாருங்கள்

லேப்டாப்பில் பிறகு எளிதில் மாற்ற முடியாத உறுப்பு திரை. பல மாடல்களில் ரேமைக் கூட்டலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம். திரை மோசம் என்றால் தனி மானிட்டர்தான் வழி. அதனால் இதில் தொடங்குங்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி, விளையாட்டுக்கான லேப்டாப் ஒன்றை நல்ல விலைக்கு வாங்கி வந்தார். புராசசர், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் பிரமாதம். அறுபத்துமூவர் விழாப் படங்களைத் திறந்தோம். குங்குமமும் செங்கல்லும் ஒரே நிறத்தில் இருந்தன. அவர் குங்குமத்தைச் சிவப்பாக்க ஸ்லைடரை இழுத்து இழுத்து, அந்தப் படத்தை ஃபோனில் பார்த்தபோது எல்லார் நெற்றியிலும் தீ எரிந்தது.

காரணம் விவரப் பட்டியலிலேயே இருந்தது: "45% என்டிஎஸ்சி". பெட்டியில் இந்தச் சொல்லைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். என்டிஎஸ்சி என்பது 1953-ல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த அளவு. அதில் 45% என்றால், இணையத்துக்கும் பிரிண்ட் லேபுக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் திரையில் தெரியாது. தெரியாத வண்ணத்தை எப்படித் திருத்துவது?

நீங்கள் தேட வேண்டியது "100% எஸ்ஆர்ஜிபி" அல்லது அதற்கு நெருங்கியது. பழைய பட்டியல்களில் "72% என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் அதுவும் ஏறக்குறைய இதே அளவுதான்.

ஒரு பொறி இருக்கிறது. ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதத் திரைகள் வரும். விமர்சனத்தில் புகழ்ந்தது ஒன்று, உங்கள் வீட்டுக்கு வருவது வேறு. நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுப் பாருங்கள். வண்ண அளவு எங்கும் போடவே இல்லையா? நல்ல திரையாக இருந்தால் பெருமையாகப் போட்டிருப்பார்கள். மோசமானது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

திரையின் வகை ஐபிஎஸ் ஆக இருக்கட்டும். டிஎன் வகையில் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் வெளிச்சம் மாறும், எது உண்மை என்று தெரியாது. ஓலெட் திரையில் கறுப்பு அசல் கறுப்பு, பார்க்கப் பரவசமாக இருக்கும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் வண்ணங்களைத் தூக்கலாகத்தான் காட்டும். நிறுவனத்தின் செயலியில் 'எஸ்ஆர்ஜிபி' நிலைக்கு மாற்றிவிட்டு வேலை செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு நிறைவாகத் தெரிகிற படம் மற்றவர் ஃபோனில் சோகையாக இருக்கும்.

பிரகாசம் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) இருந்தால் நல்லது. அறைக்குள் எடிட் செய்யத் தேவைப்படுவது 100, 120 தான், அதனால் 250 நிட்ஸ் என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்க வேண்டாம். 1920×1080 போதும். 1920×1200 கிடைத்தால் கருவிப்பட்டைக்கு இடம் கிடைக்கும். 4கே பேட்டரியைக் குடிக்கும், அதற்கு விலை கூடக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏற்கெனவே மோசமான திரையுள்ள லேப்டாப்பை வாங்கிவிட்டீர்களா? விற்க வேண்டாம். முழு எஸ்ஆர்ஜிபியையும் காட்டுகிற 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியும் அதைத்தான் செய்தார். பெரிய திரையில் உட்கார்ந்து வேலை செய்வதே தனி சுகம்.

7. ரேமும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி ரேம். இதில் பேரம் வேண்டாம். 8 ஜிபியில் விண்டோஸும் பிரௌசரும் பாதியைத் தின்றுவிடும், மீதியில் 24 மெகாபிக்சல் படங்கள் திணறும். பல படங்களை இணைத்துப் பனோரமா செய்பவர், 45 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பவர் என்றால் 32.

"8 ஜிபி வாங்கிவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்கிறேன்" என்பவர்கள், ரேம் போர்டிலேயே பற்றவைத்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய லேப்டாப்களில் பல அப்படித்தான், பிறகு கூட்ட வழியே இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரே 16-ஐவிட இரண்டு 8 வேகம், ஏனென்றால் கிராஃபிக்ஸ் வேலையும் இந்த ரேமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

எஸ்எஸ்டி குறைந்தது 512 ஜிபி, வேகமான 'என்விஎம்இ' வகை. மலிவான லேப்டாப்களில் வரும் மெதுவான 'இஎம்எம்சி' சேமிப்பு வேண்டவே வேண்டாம். நடப்பு மாதப் படங்களும் மென்பொருளின் கேட்டலாகும் (படங்களையும் திருத்தங்களையும் பற்றிய பட்டியல்) எஸ்எஸ்டியில், பழைய படங்கள் வெளி டிஸ்க்கில் என்று வைத்தால் 512 போதும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள், நிரம்பினால் வேகம் விழும்.

8. புராசசர், கிராஃபிக்ஸ் கார்டு

கடைக்காரர் முதலில் பேசுவது இதைத்தான். நான் எட்டாவதாகப் பேசுகிறேன். கடந்த சில வருடங்களில் வந்த நடுத்தரப் புராசசர் எதுவும் பொழுதுபோக்கு வேலைக்குப் போதும்: இன்டெல்லில் பன்னிரண்டாம் தலைமுறை ஐ5 அல்லது அதற்குப் பிறகு வந்தது, ஏஎம்டியில் ஆறு கோர் (புராசசருக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகள்) உள்ள ரைசன் 5.

'ரைசன் 5' என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். 7520யூ என்ற எண்ணைப் பார்த்ததும் புதுசு என்று தோன்றும். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும்: 2 என்றால் 2019-ல் அறிமுகமான ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. 7520யூ நான்கு கோர் மட்டும் உள்ள பழைய வடிவமைப்பு. 7530யூ ஆறு கோர். பத்து எண் வித்தியாசம், வேலையில் பெரிய வித்தியாசம். இன்டெல்லில் 'யூ' என்று முடிந்தால் பேட்டரிக்கு நல்லது, 'எச்' என்று முடிந்தால் வேகத்துக்கு நல்லது.

தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா? முதல் படியில் எழுதிய குறிப்பைப் பாருங்கள். வெளிச்சம், வண்ணம், கிராப் (ஓரம் வெட்டுவது) இவற்றுக்குத் தேவையில்லை. லைட்ரூமில் 2023-ல் வந்த செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கியைப் பயன்படுத்தப் போகிற பறவைக்காரர் என்றால் தேவை. அது இல்லாமல் ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும், இருந்தால் வினாடிக் கணக்கில் முடியும். வேடந்தாங்கலில் எடுத்த நாற்பது படங்களை மாலைக்குள் முடிக்க வேண்டுமா, இரவெல்லாம் ஓடவிடலாமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். டார்க்டேபிளும் நல்ல கார்டு இருந்தால் அதைப் பயன்படுத்தி வேகமெடுக்கும்.

மேக் பற்றிக் கேட்பார்கள். எம் வரிசைச் சிப் உள்ள மேக்புக் ஏரில் திரை குருட்டுப் பந்தயம் கிடையாது, எதை எடுத்தாலும் நல்ல திரை. ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் வாங்கிய பிறகு கூட்ட முடியாது, கூடுதல் சேமிப்புக்கு விலையும் அதிகம். அதனால் 16 ஜிபி ரேம் உள்ளதை வாங்கி, சேமிப்புக்கு வெளி எஸ்எஸ்டி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பழைய 8 ஜிபி மேக் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடாதீர்கள்.

9. கார்டு எங்கே நுழையும்?

லேப்டாப்பில் இருப்பது எஸ்டி கார்டு துளையா, ஃபோனில் போடும் மைக்ரோ எஸ்டி துளையா என்று பாருங்கள். பல லேப்டாப்களில் இரண்டுமே இல்லை. கார்டு ரீடர் வாங்கும்போது யூஎஸ்பி 3 உள்ளதாக வாங்குங்கள். வினாடிக்கு 90 எம்பி வேகமுள்ள கார்டிலிருந்து 17 ஜிபி நகலாக மூன்று நிமிடம் சொச்சம். பழைய யூஎஸ்பி 2 ரீடரில் அதுவே எட்டு ஒன்பது நிமிடம்.

10. பென் டிரைவோடு கடைக்குப் போங்கள்

ரிச்சி ஸ்ட்ரீட்டோ, உங்கள் ஊர் ஷோரூமோ, வாங்குவது ஆன்லைனில் என்றாலும் அந்த மாடலை ஒருமுறை நேரில் பாருங்கள். பென் டிரைவில் நீங்களே எடுத்த நான்கைந்து ஜேபெக் போதும்: ஒரு முகம், ஒரு சிவப்புப் பட்டுப்புடவை, ஒரு இரவுக் காட்சி, பச்சை வயல், கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாக மாறும் சாம்பல் பட்டை ஒன்று.

பட்டுப்புடவையின் மடிப்புகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, ஒரே சிவப்புக் குழம்பாக இருக்கிறதா? சாம்பல் பட்டையில் கறுப்பை ஒட்டிய படிகள் பிரிகின்றனவா? திரையை முன்னும் பின்னும் சாய்த்தால் முகத்தின் நிறம் மாறுகிறதா? கடைக்காரர் ஓடவிட்டிருக்கும் டெமோ வீடியோவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எந்தத் திரையிலும் அது அழகாகத்தான் இருக்கும்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் எத்தனை ரேம் துளைகள், எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று காட்டும். கடையில் சொன்னதையும் இதையும் ஒப்பிடுங்கள்.

பழைய லேப்டாப் வாங்குவதாக இருந்தால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய புராசசர்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் முறைப்படி ஏற்பதில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்கள் உடம்பு கெட்டி, ஆனால் திரை பெரும்பாலும் சுமார்தான். அதோடு மானிட்டர் ஒன்றையும் கணக்கில் சேருங்கள்.

11. முதல் நாள்: திரையை அடக்குங்கள்

எடிட்டிங்கைத் தொடங்கும் முன் சிலவற்றை அணைக்க வேண்டும். இரவில் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' (மேக்கில் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் இரண்டும்), சூழலுக்கு ஏற்ப வெளிச்சம் மாற்றும் வசதி, பேட்டரியை மிச்சப்படுத்த மாறுபாட்டைக் குறைக்கும் வசதி. இவை ஓடிக்கொண்டிருந்தால் பகலில் திருத்தியது இரவில் வேறாகத் தெரியும்.

அடுத்து பிரகாசம். என் முதல் பெரிய பிரிண்டுகள் எல்லாம் இருட்டடித்து வந்தன. லேபைத் திட்டினேன். தப்பு என்னுடையது: திரையை முழுப் பிரகாசத்தில் வைத்து, அதில் சரியாகத் தெரியும்வரை படத்தை இருட்டாக்கியிருக்கிறேன். எளிய வழி ஒன்று சொல்கிறேன். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் அறை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். முதல் நாள் மங்கலாகத் தோன்றும், இரண்டு நாளில் பழகிவிடும்.

வண்ணத்தை அளந்து சரிசெய்யும் கருவிகள் கிடைக்கின்றன. தனியாக வாங்குவது வீண். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, மாதத்துக்கு ஒருவர் என்று சுற்றில் விடுங்கள். அதன் மென்பொருள் கேட்கும்போது வெண்புள்ளி 6500 கெல்வின், காமா 2.2, பிரகாசம் 120 நிட்ஸ் என்று வைத்தால் சரி.

12. படங்களை ஏற்றுவது

வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எண் போட்டு, பின்னால் இடத்தின் பெயர். 20251116 என்று தொடங்கினால் ஃபோல்டர்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பெயரை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள், சில மென்பொருள்கள் தமிழ்ப் பெயரில் தடுமாறுகின்றன.

கார்டிலிருந்து 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' செய்யுங்கள். பாதியில் கம்பி ஆடினால் 'கட்' செய்த படங்களில் சில அங்கும் இல்லாமல், இங்கும் இல்லாமல் போகலாம். இரண்டாவது இடத்தில் நகல் சேர்ந்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும், அதுவும் கேமராவுக்குள் போட்டு 'ஃபார்மட்'.

லைட்ரூமில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை இதுதான்: படங்கள் 'லைட்ரூமுக்குள்' போய்விட்டன என்று நினைத்து ஃபோல்டரை அழித்துவிடுவது. லைட்ரூம் கேட்டலாகில் இருப்பது படம் எங்கே இருக்கிறது, என்ன திருத்தம் செய்தீர்கள் என்ற குறிப்பு மட்டும்தான். ரேஷன் கார்டைப் பத்திரமாக வைத்துவிட்டு அரிசியைக் கொட்டிய கதை. ஃபோல்டரை நகர்த்த வேண்டுமா, லைட்ரூமுக்குள்ளிருந்தே நகர்த்துங்கள். டார்க்டேபிள் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற குட்டி ஃபைல் ஒன்றை எழுதும். குப்பை என்று நினைத்து அழித்தால் திருத்தங்களை இழக்க நேரிடலாம்.

13. திருத்தும் வரிசை

முதலில் கழியுங்கள். 600 படங்களையும் ஓட்டிப் பார்த்து, கலங்கியது, கண்மூடியது, ஒரே மாதிரி ஐந்து எடுத்ததில் நான்கு, எல்லாவற்றையும் தள்ளுங்கள். இந்தச் சுற்றில் ஒரு ஸ்லைடரையும் தொடக் கூடாது. திருத்தத் தொடங்கிவிட்டால் அந்தப் படத்தின்மேல் பாசம் வந்துவிடும், தள்ள மனசு வராது.

மிஞ்சியவற்றில் இந்த வரிசை: லென்ஸ் கோணல் திருத்தம், சாய்வு நிமிர்த்தல், கிராப். அப்புறம் வெண் சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வண்ணச் சாயலைச் சரிசெய்வது), வெளிச்சம், நிழலும் உச்ச ஒளியும், பிறகுதான் வண்ணம். கடைசியில் இரைச்சலும் கூர்மையும். கிராப் முன்னால் வரக் காரணம், ஓரத்தில் இருந்த வெள்ளை வானத்தை வெட்டிவிட்டால் வெளிச்சத்தைப் பற்றிய முடிவே மாறும். வெண் சமநிலைக்கு முன் வண்ணத்தைத் தொட்டால் அந்த வேலையை இரண்டு தரம் செய்ய வேண்டிவரும்.

டார்க்டேபிள்காரர்களுக்கு: எக்ஸ்போஷர், கலர் கேலிபரேஷன், சிக்மாய்ட், கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி, டிநாய்ஸ் புரொஃபைல்டு. இந்த ஐந்தோடு லென்ஸ் திருத்தமும் கிராப்பும். முதல் மூன்று மாதம் வேறெதையும் திறக்காதீர்கள். எக்ஸ்போஷரில் முகம் போன்ற நடு வெளிச்சப் பகுதியைச் சரியாக்குங்கள், வானம் வெளுத்தால் பயப்படாதீர்கள், சிக்மாய்ட் அதை மடக்கிக் கொண்டுவரும்.

14. ஏற்றுமதி

வண்ண வெளி எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் தரம் 90. இணையத்துக்கு நீளப் பக்கம் 2048 பிக்சல். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் நசுக்காது.

12×18 அங்குலப் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் 3600×5400 பிக்சல். 24 மெகாபிக்சல் படத்தில் இது தாராளமாக அடங்கும், விகிதமும் அப்படியே பொருந்தும், எதையும் வெட்ட வேண்டாம். பெரிய பிரிண்டுக்கு முன் அதே படத்தை 4×6-ல் ஒன்று எடுத்துப் பாருங்கள், சில ரூபாயில் முடியும். லேபில் "கரெக்‌ஷன் எதுவும் போடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்களுடைய இயந்திரம் உங்கள் இரவுக் காட்சியைப் பகலாக்கிவிடும்.

15. பேக்கப்

மூன்று நகல்: ஒன்று லேப்டாப்பில் அல்லது வேலை செய்யும் டிஸ்க்கில், ஒன்று வெளி ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. மூன்றாவதற்கு இணையச் சேமிப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. அக்கா வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்க் போதும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். 2015 வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

ரா ஃபைல்களோடு லைட்ரூம் கேட்டலாக், எக்ஸ்எம்பி ஃபைல்கள் இரண்டும் பேக்கப்பில் போகின்றனவா என்று பாருங்கள். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கின் கம்பியைக் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கிற டிஸ்க்கை, லேப்டாப்பில் நுழைகிற வைரஸ் அதே நாளில் தின்றுவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கைச் செருகி, பழைய ஃபோல்டர் ஒன்றிலிருந்து பத்து ரா ஃபைல்களை மென்பொருளில் திறந்து பாருங்கள். ஃபைல் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, படம் முழுதாகத் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் மற்ற இரண்டு நகல்களிலிருந்து அன்றைக்கே புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.